எடை சொல்லும் மினுக்கம்: கருந்துளை ஆராய்ச்சியில் ஓர் அரை நூற்றாண்டு

வானத்தில் உள்ள ஒரு பொருளின் எடையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று நம் சங்கத்துப் பிள்ளைகள் யாராவது கேட்டால் பள்ளிக்கூடப் பதில் ஒன்று தயாராக இருக்கிறது. அதைச் சுற்றி வருகிற இன்னொரு பொருளைப் பார். எவ்வளவு தூரத்தில், எவ்வளவு காலத்தில் சுற்றுகிறது என்று தெரிந்தால் நடுவில் இருப்பதன் நிறை தெரிந்துவிடும். கெப்ளரும் நியூட்டனும் போட்டுக் கொடுத்த பாதை இது. நம் பால்வீதியின் நடுவில் ஏறக்குறைய 40 லட்சம் சூரியன்களின் நிறை கொண்ட கருந்துளை இருக்கிறது என்று ரைன்ஹார்ட் கென்செலும் ஆண்ட்ரியா கெஸ்ஸும் நிலைநாட்டி, 2020ல் நோபல் பரிசில் பங்கு பெற்றதும் இந்தப் பாதையில் நடந்துதான். அதைச் சுற்றும் விண்மீன்களை அவர்கள் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள்.

ஆனால் பல கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள விண்மீன் மண்டலத்தின் நடுவில் எதுவும் சுற்றுவதைத் தனித்தனியாகப் பார்க்க முடியாது. அங்கே ஒரு வெளிச்சப் புள்ளி தெரிகிறது, அவ்வளவுதான். அந்தப் புள்ளியின் வெளிச்சம் கூடிக் குறைகிறது. அந்தக் கூடிக் குறைதலை வைத்தே கருந்துளையை நிறுத்துப் பார்க்கலாம் என்று ஒரு சாரார் சொல்லத் தொடங்கி நாற்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. அந்த முயற்சியின் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

நான் விஞ்ஞானி அல்லன். பட்டப்படிப்பில் இயற்பியல் எடுத்துவிட்டு, வங்கி உத்தியோகத்தில் சேர்ந்து, ஊர் ஊராக மாற்றலாகி இங்கே வந்து தங்கியவன். பேரேடு சரிபார்த்தே வயது போனவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எந்த எண்ணைப் பார்த்தாலும் "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்கத் தோன்றும். இத்தனை கோடி சூரியன் எடை என்று பத்திரிகையில் படிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி எனக்கு வந்துகொண்டே இருந்தது. விடை தேடிப் படித்ததை அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எக்ஸ் கதிர்களை நம் காற்று மண்டலம் உள்ளே விடாது. ஆகவே இந்த வானியல் ராக்கெட்டோடு பிறந்தது. 1962 ஜூனில் ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு அமெரிக்காவின் நியூ மெக்சிகோவிலிருந்து ஒரு சிறு ராக்கெட்டை ஏவியது. சந்திரனிலிருந்து எக்ஸ் கதிர் வருகிறதா என்று பார்ப்பது நோக்கம். கிடைத்ததோ விருச்சிக ராசியில் யாரும் எதிர்பாராத ஒரு பிரகாசமான மூலம். (2002ல் ஜியாக்கோனிக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.) இரண்டு ஆண்டு கழித்து, 1964ல், இன்னொரு குழுவின் ராக்கெட்டில் சிக்னஸ் எக்ஸ்-1 அகப்பட்டது. ராக்கெட் மேலே போய்ச் சில நிமிடங்களில் விழுந்துவிடும். அந்த அவகாசத்தில் ஒரு பொருள் இருக்கிறதா இல்லையா என்று சொல்லலாமே தவிர, அதன் குணத்தை அறிய முடியாது.

1970 டிசம்பர் 12 அன்று கென்யாக் கடற்கரைக்கு அப்பால் உள்ள சான் மார்கோ மேடையிலிருந்து எக்ஸ் கதிருக்கென்றே ஒரு செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அன்று கென்யாவின் சுதந்திர தினம். ஆகவே அதற்கு 'உஹுரு' என்று பெயர் வைத்தார்கள். ஸ்வாஹிலி மொழியில் விடுதலை என்று பொருள். உஹுருவின் பதிவுகளில் சிக்னஸ் எக்ஸ்-1 ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் மாறுவதை ஜப்பானியரான மினோரு ஓடாவும் தோழர்களும் 1971ல் கண்டார்கள்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். ஒரு பொருள் முழுவதும் ஒன்றுசேர்ந்து மங்கவேண்டுமானால், ஒரு முனையில் நடந்த செய்தி மறுமுனைக்குப் போய்ச் சேரவேண்டும். வெளிச்சத்தைவிட வேகமான தூதன் கிடையாது. வெளிச்சம் வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆகவே ஒரு வினாடிக்குள் மாறும் மூலம் 3 லட்சம் கிலோமீட்டரைவிடச் சிறியதாக இருக்கவேண்டும். சூரியனின் விட்டமே 14 லட்சம் கிலோமீட்டர். சூரியனைவிடப் பலமடங்கு சிறிய இடத்திலிருந்து, சூரியனைவிடப் பல்லாயிரம் மடங்கு வெளிச்சம்! அந்த மூலத்துக்குத் துணையாக ஒரு பெரிய நீல விண்மீன் இருப்பதையும், அந்த இணை 5.6 நாளுக்கு ஒருமுறை சுற்றுவதையும் இங்கிலாந்தில் லூயிஸ் வெப்ஸ்டரும் பால் மர்டினும், கனடாவில் டாம் போல்ட்டனும் அடுத்த சில மாதங்களில் காட்டினார்கள். கெப்ளர் கணக்குப் போட்டால், கண்ணுக்குத் தெரியாத கூட்டாளியின் நிறை நியூட்ரான் விண்மீன் தாங்கும் எல்லைக்கு மேலே போயிற்று. 2021ல் வந்த கணக்குப்படி அது சூரியனைப் போல் 21 மடங்கு.

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் அவரை அவ்வளவாகக் கொண்டாடுவதில்லை என்பது என் குறை. ஓடா குழுவினர் தம் கட்டுரையின் தலைப்பிலேயே சிக்னஸ் எக்ஸ்-1ன் மாற்றத்தைத் 'துடிப்பு' என்று குறிப்பிட்டார்கள். கடிகாரம் போலச் சீரான துடிப்பு இருக்கிறது என்ற எண்ணம் அப்போது பரவலாக இருந்தது. 1972ல் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்து ஜேம்ஸ் டெரல் அதை மறுத்தார். ஒழுங்கே இல்லாமல், தகர ஓட்டின் மேல் மழைத்துளி விழுவது போல, தற்செயலாக விழும் சிறு சிறு வெடிப்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினாலே போதும். பார்ப்பவர் கண்ணுக்கு அதில் தாளம் இருப்பது போலத் தோன்றும் என்று அவர் காட்டினார். மழையில் மிருதங்கம் கேட்பவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு அல்லவா? டெரலின் இந்த எச்சரிக்கை இருபது ஆண்டு கழித்து வேறொரு இடத்தில் தேவைப்பட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் எடைக் கணக்கு. சூரியன் முழுவதையும் கருந்துளையாக நசுக்கினால் அதன் ஆரம் 3 கிலோமீட்டர். பத்துச் சூரியன் என்றால் 30 கிலோமீட்டர். பத்துக் கோடிச் சூரியன் என்றால் 30 கோடிக் கிலோமீட்டர். முதலாவதை வெளிச்சம் ஒரு வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும். இரண்டாவதைக் கடக்க ஏறத்தாழ 17 நிமிடம் ஆகும். கருந்துளைக்கு அருகே சுழன்று விழும் வாயுத் தட்டில் நடக்கிற எல்லாக் காரியத்துக்கும் இதே விகிதம்தான். உடுக்கை படபடக்கும், பெருமுரசு நிதானமாக அதிரும். ஆகவே மினுக்கத்தின் வேகத்தைப் பார்த்தால் எடை தெரியும் என்பது கேட்க எளிதாகவே இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், பெரிய பொருள் வேகமாக மினுக்க முடியாதே ஒழிய, சிறிய பொருள் மெதுவாக மாறக்கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. ஆகவே மிக வேகமான மாற்றம் எடைக்கு ஒரு மேல்வரம்பைத்தான் தரும். "இதற்கு மேல் இருக்காது" என்று சொல்லும், "இவ்வளவு" என்று சொல்லாது. வரம்பிலிருந்து அளவுக்குப் போவதற்குள் கால் நூற்றாண்டு ஓடிவிட்டது.

முதல் முட்டுக்கட்டை பாதை. அன்றைய எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோள்கள் பூமிக்கு அருகே ஒன்றரை மணிக்கு ஒருமுறை சுற்றுபவை. ஒவ்வொரு சுற்றிலும் பூமி குறுக்கே வந்து மறைக்கும். மணிக்கணக்கில் நடக்கும் மாற்றத்தைத் துண்டு துண்டாகத்தான் பார்க்க முடியும். 1983 மே 26ல் ஏவப்பட்ட ஐரோப்பியச் செயற்கைக்கோள் எக்ஸோசாட் இந்தத் தொல்லையைத் தீர்த்தது. நீண்ட முட்டை வடிவப் பாதையில், ஒரு சுற்றுக்குச் சுமார் 90 மணி நேரம் எடுத்துக்கொண்டது. ஒரே இலக்கை மூன்று நாள் வரை கண் இமைக்காமல் பார்க்கலாம். மூன்றே ஆண்டுகள்தான் வேலை செய்தது. 1986ல் முடிந்தது. ஆனால் அது சேர்த்துவைத்த பதிவுகளை வைத்து 1987ல் இரண்டு முக்கியக் கட்டுரைகள் வந்தன. ஆண்டி லாரன்ஸ் குழு என்.ஜி.சி. 4051 என்ற மண்டலத்தைப் பற்றி எழுதியது. இயன் மெக்ஹார்டியும் போலந்துக்காரரான போஜேனா செர்னியும் என்.ஜி.சி. 5506ஐப் பற்றி எழுதினார்கள். இரண்டும் சொன்னது ஏறக்குறைய ஒன்றே: இந்த மாற்றத்துக்குத் தனியாக ஒரு கால அளவு இல்லை. சிறு நேரத்தில் சிறு மாற்றம், நீண்ட நேரத்தில் பெரு மாற்றம்.

இதைப் பங்குச்சந்தை தெரிந்தவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஒரு பங்கின் ஒரு நாள் விலைக் கோட்டையும் ஓராண்டு விலைக் கோட்டையும் வரைந்து, ஓரத்தில் இருக்கும் எண்களை மறைத்துவிட்டால் எது எது என்று சொல்வது கஷ்டம். அதே மேடு, அதே பள்ளம். மெக்ஹார்டியும் செர்னியும் தலைப்பில் 'ஃப்ராக்டல்' என்ற சொல்லையே போட்டார்கள். எடைக்குக் கால அளவு வேண்டும் என்று வந்தவர்களுக்கு, கால அளவே இல்லை என்று பதில்! ஆனால் மாற்றம் இப்படியே முடிவில்லாமல் வளர்ந்துகொண்டு போக முடியாது. எங்கோ ஓரிடத்தில் அந்த வளர்ச்சி தளரவேண்டும். சிக்னஸ் எக்ஸ்-1ல் அந்தத் தளர்ச்சி ஒரு வினாடியின் சிறு பங்கிலேயே தெரிந்திருந்தது. பெரிய கருந்துளையில் அதே முறிவு எங்கே என்று கண்டுபிடித்தால் அதுதான் எடைக்கல்.

அதற்குள் ஒரு பெரிய கூத்து நடந்தது. நமக்கு ஏழு கோடி ஒளியாண்டு தூரத்தில், கழுகு விண்மீன் குழுவின் திசையில், என்.ஜி.சி. 6814 என்று ஒரு மண்டலம். 1989ல் எக்ஸோசாட் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் அதன் எக்ஸ் கதிர் சுமார் 12,000 வினாடிக்கு ஒருமுறை, அதாவது மூன்று மணி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, சீராகக் கூடிக் குறைகிறது என்று அறிவித்தார்கள். ஜப்பானின் கிங்கா செயற்கைக்கோளிலும் அதே காலம் தெரிந்தது. வானியலாளர்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. மழைச் சத்தத்துக்கு நடுவே நிஜமாகவே ஒரு மணி அடிக்கிறது! கருந்துளையை ஒரு விண்மீன் சுற்றிவருகிறது, தட்டில் ஒரு சூடான புள்ளி சுழல்கிறது என்று விளக்கங்கள் குவிந்தன. சுற்றுக்காலம் கிடைத்துவிட்டால் கெப்ளர் கணக்கே போதுமே. பெரிய கருந்துளையை அதன் வாசலிலேயே நின்று நிறுத்துவிடலாம்.

இங்கே கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. எக்ஸோசாட்டிலும் கிங்காவிலும் இந்தத் துடிப்பைப் பதிந்த எண்ணிகள் படம் எடுப்பவை அல்ல. ஒரு ஜன்னல் அகலத்துக்கு வானத்திலிருந்து வரும் எக்ஸ் கதிர்களை எல்லாம் சேர்த்து எண்ணுபவை. ஜன்னலுக்குள் இரண்டு விளக்கு இருந்தால் எதன் வெளிச்சம் எது என்று அவற்றுக்குத் தெரியாது. 1990ல் ஏவப்பட்ட ஜெர்மானிய ரோசாட்டுக்குப் படம் எடுக்கும் தொலைநோக்கி இருந்தது. அதை என்.ஜி.சி. 6814ஐ நோக்கித் திருப்பிப் பார்த்த மாதேய்ஸ்கி குழு 1993ல் முடிவை வெளியிட்டது. மண்டலத்தின் நடுவில் அந்தத் துடிப்பே இல்லை. 37 பாகை நிமிடம் தள்ளி, முழு நிலவின் அகலத்தைவிடக் கொஞ்சம் அதிகமான தூரத்தில், வேறொரு புள்ளி மூன்று மணி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கூடிக் குறைந்துகொண்டிருந்தது. அது நம் பால்வீதியிலேயே உள்ள ஒரு வெண்குள்ள விண்மீன். தன் துணையிடமிருந்து வாயுவை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. ஏழு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் கருந்துளையின் வாசலில் கேட்டதாக நினைத்த மணி, தெருக்கோடியில் அடித்த மணி.

வெண்குள்ளன் என்றதும் நம்மவர் ஒருவர் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். லாகூரில் 1910ல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே வெண்குள்ளனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று கணக்குப் போட்ட சுப்பிரமணியன் சந்திரசேகர். தகப்பனாரின் ரயில்வே உத்தியோகத்தால் தமிழ்நாட்டுக்கு வெளியே பிறந்த குழந்தை அவர். நம் பிள்ளைகளில் பலருக்கு அந்த ஒற்றுமையைச் சொல்லலாம். 1999 ஜூலையில் ஏவப்பட்ட அமெரிக்க எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கு 'சந்திரா' என்று அவர் பெயரைத்தான் வைத்தார்கள். 2000 அக்டோபரில் அது பால்வீதியின் நடுக் கருந்துளையில் சில மணி நேரம் நீடித்த ஒரு வெடிப்பைப் பதிவு செய்தது. அதற்குள் சுமார் பத்து நிமிடத்தில் ஒரு சரிவு. பத்து நிமிடத்தில் வெளிச்சம் போகும் தூரம் 18 கோடிக் கிலோமீட்டர். 40 லட்சம் சூரியன் எடையுள்ள கருந்துளையின் ஆரம் 1.2 கோடிக் கிலோமீட்டர். கெப்ளர் தராசும் மினுக்கமும் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை.

முறிவைத் தேடும் வேலைக்குத் திரும்புவோம். அதற்குத் தேவைப்பட்டது கூர்மையான பார்வையைவிடப் பொறுமை. 1995 டிசம்பர் 30ல் ஏவப்பட்ட ரோஸி என்ற செயற்கைக்கோள் சட்டென்று திரும்பக்கூடியது. சில நாளுக்கு ஒருமுறை ஒரே மண்டலத்தை எட்டிப் பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் போகும். 2012 ஜனவரி வரை, பதினாறு ஆண்டுகள், இப்படி எட்டிப் பார்த்தது. மாதம், ஆண்டு அளவிலான மாற்றம் இதில் கிடைத்தது. நிமிடம், மணி அளவிலான மாற்றம் 1999 டிசம்பரில் போன ஐரோப்பாவின் எக்ஸ்.எம்.எம்.-நியூட்டனில் கிடைத்தது. இரண்டையும் ஒட்டவைத்தபோது முறிவுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. சில பத்து லட்சம் சூரியன் எடையைத் தாண்டாத என்.ஜி.சி. 4051ல் அது சுமார் இருபது நிமிடம். அதைவிடக் கனமானவற்றில் நாள்கணக்கு.

2006 டிசம்பரில் மெக்ஹார்டியும் நான்கு தோழர்களும் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரைதான் இந்த வரலாற்றின் உச்சம் என்பது என் கருத்து. முறிவுக்காலம் ஏறக்குறைய நிறையின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும், ஒளிர்வுக்குத் தலைகீழ் விகிதத்திலும் இருக்கிறது என்று காட்டினார்கள். வேறு விதமாகச் சொன்னால், நன்றாகச் சாப்பிடுகிற கருந்துளை, அதே எடையுள்ள பசித்த கருந்துளையைவிட வேகமாக மினுக்கும். இந்த இரண்டையும் கணக்கில் எடுத்தால், பத்துப் பதினைந்து சூரியன் எடையுள்ள சிக்னஸ் எக்ஸ்-1 வகையும் கோடிக்கணக்கான சூரியன் எடையுள்ள மண்டல நடுக்களும் ஒரே கோட்டில் வந்து உட்கார்ந்தன. எடையில் லட்சம், பத்து லட்சம் மடங்கு வித்தியாசம்; இயந்திரம் ஒன்றுதான்.

இங்கே என் பழைய வங்கிப் புத்தி குறுக்கிடுகிறது. இந்தக் கோட்டைப் போட உதவிய எடைகள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் 'எதிரொலி' முறையிலிருந்து. நடுவில் வெளிச்சம் கூடினால், சுற்றியுள்ள வாயு சில நாள் கழித்துப் பளிச்சிடும். அந்தத் தாமதத்தையும் வாயுவின் வேகத்தையும் வைத்து எடை போடுவார்கள். ஆக, மினுக்கத் தராசின் படிக்கல் இன்னொரு கடையில் வாங்கிய படிக்கல். அதில் உள்ள பிசகு இதிலும் வரும். மேலும், 2012ல் கொன்சாலெஸ்-மார்ட்டினும் வாகனும் எக்ஸ்.எம்.எம். பதிவுகளிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட மண்டலங்களை எடுத்துப் பார்த்தபோது, எடையோடு உள்ள உறவு உறுதிப்பட்டது. சாப்பாட்டோடு உள்ள உறவு அவ்வளவு அழுத்தமாகத் தெரியவில்லை. அந்த வழக்கு முடிந்துவிட்டதாக நான் சொல்ல மாட்டேன். அதே ஆண்டில் பொன்டியின் குழு வேறு ஒரு சுருக்கு வழியைப் பெரிய அளவில் சோதித்தது. முறிவைத் தேடாமல், சில மணி நேரத்துக்குள் வெளிச்சம் எவ்வளவு ஆடுகிறது என்று மட்டும் அளப்பது. ஆட்டம் அதிகமென்றால் எடை குறைவு. ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டாம் என்பதால் தூசியால் மறைந்த, தொலைவான மண்டலங்களுக்கு இதுவே கைகொடுக்கிறது.

தராசை அது நிறுக்கவேண்டிய பொருளைத் தாண்டிப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு எம்82 மண்டலம் சாட்சி. அங்கே மிகப் பிரகாசமான இரண்டு எக்ஸ் கதிர் மூலங்கள் அருகருகே இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் நிமிடக்கணக்கில் ஓர் அலைவு தெரிந்தது. சிறிய கருந்துளைகளில் தெரியும் அலைவின் பெரிய உருவம்தான் இது என்று வைத்துக்கொண்டால் எடை 12,000 முதல் 43,000 சூரியன் வரை வரும் என்று 2010ல் ஒரு குழு கணக்கிட்டது. 'வைத்துக்கொண்டால்' என்று அவர்களும் கவனமாகவே சொன்னார்கள். 2014ல் நூஸ்டார் செயற்கைக்கோள் அதே மூலத்தில் 1.37 வினாடிக்கு ஒருமுறை கடிகாரம் போன்ற துடிப்பைக் கண்டது. அப்படித் துடிப்பது சுழலும் நியூட்ரான் விண்மீன்தான். அது கருந்துளையே அல்ல! அதே 2014ல் பக்கத்து மூலத்துக்கு வேறொரு அலைவு ஜோடியை வைத்து சுமார் 400 சூரியன் எடை என்று தீரஜ் பாஷமும் தோழர்களும் வெளியிட்டார்கள்.

நம் நாட்டுப் பங்கையும் சொல்லவேண்டும். 1975 ஏப்ரலில் போன ஆரியபட்டாவிலேயே எக்ஸ் கதிர்ச் சோதனை ஒன்று இருந்தது. சில நாளில் மின்சாரம் பழுதாகி அது நின்றுவிட்டது. 1996 மார்ச் 21ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஐ.ஆர்.எஸ்.-பி3 என்ற தொலையுணர்வுச் செயற்கைக்கோளில் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் இஸ்ரோவும் சிறிய எக்ஸ் கதிர் எண்ணிகளைச் சேர்த்து அனுப்பின. பூமியைப் பார்க்கப் போன வண்டியில் வானத்தைப் பார்க்க ஓர் ஓரம் கிடைத்தது. ஜி.ஆர்.எஸ். 1915+105 என்ற கருந்துளை மெல்ல ஏறிச் சட்டென்று விழும் வெடிப்புகளைத் திரும்பத் திரும்பக் காட்டுவதை அதில் கண்டார்கள். பொருள் கருந்துளையின் எல்லையைத் தாண்டி மறைவதன் அடையாளமாக அந்தச் சட்டென்ற வீழ்ச்சி இருக்கலாம் என்று பிஸ்வஜித் பால், பி.சி. அக்ரவால், ஏ.ஆர். ராவ் முதலியோர் 1998ல் எழுதினார்கள். 2015 செப்டம்பர் 28ல் போன ஆஸ்ட்ரோசாட்டில் இதே வேலைக்குப் பெரிய பரப்புள்ள மூன்று எண்ணிகள் இருந்தன. சிக்னஸ் எக்ஸ்-1ம் ஜி.ஆர்.எஸ். 1915ம் அவற்றின் ஆரம்ப இலக்குகளில் உண்டு.

என்.ஜி.சி. 6814ல் சூடு பட்ட பிறகு, பெரிய கருந்துளையில் சீரான அலைவு என்று யார் சொன்னாலும் சக விஞ்ஞானிகள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். 2008ல் கெர்லின்ஸ்கி, மிடில்டன், வார்ட், கிறிஸ் டன் ஆகியோர் ஆர்.இ. ஜே1034+396 என்ற மண்டலத்தில் ஏறக்குறைய ஒரு மணிக்கு ஒருமுறை அலைவு தெரிகிறது என்று எழுதினார்கள். ஆதாரம் 2007ல் எடுத்த ஒரே ஒரு நாள் பதிவு. அதில் பதினாறு சுற்றுகள். இந்த முறை கருவி படம் எடுப்பது, ஆகவே அடுத்த வீட்டு விளக்கு என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆனாலும் டெரலின் மழைத்துளிச் சந்தேகம் இருந்தது: பதினாறு சுற்று தற்செயலாகவும் வரலாம் அல்லவா? 2018ல் எக்ஸ்.எம்.எம்.-நியூட்டன் மறுபடி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. முடிவு 2020ல் வெளியாயிற்று. அலைவு அங்கேயே இருந்தது, முன்பைவிடத் தெளிவாக. காலம் மட்டும் சுமார் 3,730 வினாடியிலிருந்து 3,550 வினாடியாகக் குறைந்திருந்தது. ஏன் குறைந்தது என்பதை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.